டைனமிக் டிஸெபிலிட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் காலை, அலுவலக வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு படி ஏறினேன். மாலையில் அதே படியில் கால் ஊன்ற முடியவில்லை. இரண்டையும் பார்த்த ஒருவர், "காலையில நல்லாத்தானே நடந்தீங்க?" என்றார். கேட்டவர் அன்பானவர்தான். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இல்லை.

ஆங்கிலத்தில் இதை டைனமிக் டிஸெபிலிட்டி என்கிறார்கள். உடலின் குறைபாடு நீங்குவதில்லை. அதன் கடுமை மட்டும் நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், லூபஸ், முடக்குவாதம், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நாள்பட்ட நோய்கள் உள்ளவர்கள் பலருக்கு இது அன்றாடம். எனக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைவதால், மூளையின் கட்டளை தடுமாறித்தான் போய்ச் சேரும். உடம்பு சூடேறினால் தடுமாற்றம் கூடும். மே மாத மதியத்தில் ஏசி நின்றால் என் கால்கள் கனத்துவிடும். உடம்பு குளிர்ந்தபின் தெம்பு மெல்லத் திரும்பும். நடக்க முடிகிற நாளிலும் நாற்காலியில் போவது, மாலைவரை வேலை செய்யத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக.

டைனமிக்கின் வேர், ஆற்றல் அல்லது வலு என்று பொருள்படும் டுனமிஸ் என்ற கிரேக்கச் சொல். டைனமோ, டைனமைட் எல்லாம் இதன் பிள்ளைகள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ், விசை பற்றிய தன் ஆய்வுக்கு இந்த வேரிலிருந்தே பெயர் எடுத்தார். 'மாறிக்கொண்டே இருப்பது' என்ற பொருள் அப்புறம் வந்து சேர்ந்தது. அதை டிஸெபிலிட்டியோடு சேர்த்துப் பரவலாக்கியவர், நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களின் அனுபவங்களைப் பாட்காஸ்டில் பதிவு செய்த பிரியான் பென்னஸ்.

சரி, தமிழுக்கு வருவோம். டைனமிக்ஸ் நம் பாடநூல்களில் இயக்கவியல். அந்த வழியில் 'இயங்குநிலை ஊனம்' என்று ஆக்கினால், கை கால் அசைவில் உள்ள குறை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஊனம்' என்பதும் குறைந்தது எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது தமிழக அரசு அதை விட்டு 'மாற்றுத்திறனாளி'க்கு மாறியது. இலங்கையின் அலுவல் வழக்கில் 'வலுவிழந்தோர்' உண்டு. இங்கே ஒரு அழகான பொருத்தம்: இயற்பியலில் வாட் கணக்கில் அளப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் திறன் என்கிறது, இலங்கைப் பாடநூல் வலு என்கிறது. கிரேக்க வேர் சொன்ன அதே ஆற்றல் நம் இரண்டு சொற்களிலும் இருக்கிறது.

ஆனால் 'மாறும் மாற்றுத்திறன்' என்றால் மாற்று எது, மாறுவது எது என்று குழம்பும். 'தற்காலிக' என்பது பிழை. ஒடிந்த கால் ஆறுவதுபோல இது ஆறிப்போகாது. 'ஏற்றவற்றம்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் கடலின் ஏற்றவற்றத்துக்கு நேரம் குறித்துவிடலாம், என் கால்களுக்கு முடியாது. 'நிலையற்ற' என்றால் ஆளையே நம்பமுடியாதவர் ஆக்கிவிடும்.

எனவே என் தேர்வு 'மாறுநிலை இயலாமை'. இயலாமை நிலைத்திருக்கிறது, மாறுவது அதன் நிலை என்று சொல்லே பிரித்துக் காட்டுகிறது. 'மாறி', 'மாறிலி' எனக் கணக்கில் படித்தவர்களுக்கு இது அந்நியமாகவும் படாது.

இந்தச் சொல்லின் தேவை வேலையிடத்தில்தான் அதிகம் தெரிகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸும் அதில் உண்டு. இடஒதுக்கீட்டுக்கான வரம்பு 40 சதவீதம். சான்றிதழில் இருப்பது ஒரே எண். திங்களும் வியாழனும் அதில் ஒன்றுதான். அதே சட்டம் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளையும் பேசுகிறது. எனக்கு அது சாய்தளம், குளிர்ந்த அறை, முன்கூட்டிச் சொல்லாமலே வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி. அதைக் கேட்டு எழுதிய கடிதத்தை இப்படித் தொடங்கினேன்: "எனக்கு மாறுநிலை இயலாமை உள்ளது. சில நாள் நடப்பேன், சில நாள் நாற்காலியில் வருவேன், சில நாள் வர இயலாது. மூன்று நாளும் வேலை செய்வேன்."