ஒட்டுற டயர் ஏன் சீக்கிரம் தேயுது?

ஸ்போர்ட் பைக் ஓட்டுபவர்கள் பின் டயர் மொட்டையாகும் நேரத்தில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். கிரிப் நல்லா இருக்கணும், நிறைய கிலோமீட்டரும் ஓடணும், எதைப் போடலாம்? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் ரப்பரின் குணம் அப்படி, சாலையை எந்த வழியில் பிடிக்கிறதோ அதே வழியில்தான் தேயவும் செய்கிறது.

தார்ச்சாலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஜல்லி முனைகள், அந்த முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னும் சின்ன முனைகள். ரப்பர் இதன்மேல் அமுங்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, மூலக்கூறு அளவில் ரப்பர் கல்லோடு ஒட்டி, பிய்ந்து, மறுபடி ஒட்டுவது. இன்னொன்று, முனை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போனதும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வராமல் கொஞ்சம் தாமதிப்பது. அமுக்கச் செலவான ஆற்றல் முழுசாகத் திரும்பி வராது, ஒரு பங்கு சூடாகப் போய்விடும், அந்த இழப்பு வழுக்கலுக்கு எதிரான விசையாக நமக்குக் கிடைக்கிறது. இதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். மழையில் தண்ணீர்ப் படலம் நடுவில் வந்து முதல் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடும், அப்போது இந்த இரண்டாவதை நம்பித்தான் வண்டி வளைகிறது.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்கு. 45 டிகிரி சாய்த்து வளைந்தால், டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டியது தோராயமாக வண்டியும் ஆளும் சேர்ந்த எடைக்குச் சமம். சாலையைத் தொடும் பகுதியோ ஒரு டயருக்கு உள்ளங்கை அளவு இருந்தால் அதிகம்.

தேய்மானத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாக விரட்டி ஓட்டிய டயரின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவுங்கள், ஒரு திசையில் வழுவழுவென்று போகும், எதிர்த் திசையில் சொரசொரக்கும். உற்றுப் பார்த்தால் வழுக்கிய திசைக்குக் குறுக்காக மெல்லிய வரிகள். ரப்பரின் மேல்தோல் இழுபட்டு மடங்கி, மடிப்பின் அடியில் விரிசல் விழுந்து, அது வளர்ந்து நுனி பிய்ந்து போகும், அப்புறம் அடுத்த வரி. ரப்பர் தேய்மானத்தை ஆராய்ந்த அடோல்ஃப் ஷாலமாக்கின் பெயராலேயே இந்த வரிகளைக் குறிப்பிடுகிறார்கள். மென்மையான ரப்பர் கல்லின் மேடுபள்ளங்களுக்குள் நன்றாக இறங்கிப் பிடிக்கும், பிய்ந்து வருவதும் அதற்குச் சுலபம்.

சரி, அப்படியானால் மென்மையான டயர் எப்போதும் நன்றாகப் பிடிக்குமா? இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். ரப்பர் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும், ஒவ்வொரு கலவைக்கும் அது நன்றாக வேலை செய்யும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. பள்ளமே இல்லாத பந்தய ஸ்லிக் டயரை வார்மர் என்ற சூடேற்றும் உறையால் சுற்றி 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கித்தான் தடத்தில் இறக்குகிறார்கள். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் சாலையில் அந்தச் சூடு வரவே வராது, வராதபோது அதே டயர் நெடும்பயணத்துக்கும் ஏற்ற ஒரு சாதாரண ஸ்போர்ட் டூரிங் டயரைவிட மோசமாக வழுக்கும். தினசரி ஓட்டத்துக்கு ட்ராக் டயர் மாட்டுவது, என்னைக் கேட்டால், அழகுக்கு மட்டும்தான். டயர் நிறுவனமான பிரெல்லி தன் சூப்பர்கோர்சா டயரையே சாலைக்கு எஸ்பி, பந்தயத் தடத்துக்கு எஸ்சி என்று பிரித்து விற்பது சும்மா இல்லை.

சூடு அளவு மீறினாலும் ஆபத்து. 2013இல் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் மோட்டோஜிபி பைக் பந்தயம் நடந்தபோது தடத்துக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். பிடிப்பு அபாரம், அதனாலேயே பின் டயரில் சூடு ஏறிக் கொப்பளிக்க ஆரம்பித்தது. 27 சுற்றுப் பந்தயத்தை 19 ஆகக் குறைத்து, ஒரே டயரில் 10 சுற்றுக்கு மேல் போகக் கூடாது, நடுவில் பைக்கை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். பைக்கை மாற்ற ஒரு சுற்று தாமதமாக உள்ளே வந்த வீரர் மார்க் மார்க்கேஸுக்குக் கறுப்புக் கொடி, அதாவது பந்தயத்திலிருந்தே வெளியே!

சாலை டயரில் பிடிப்புக்கும் தேய்மானத்துக்கும் நடுவிலான இந்த இழுபறியைச் சமாளிக்க இரண்டு முக்கிய வழிகள். நேராக ஓடும்போது நடுப்பகுதிதான் உழைக்கிறது, அதனால் நடுவில் கெட்டியான கலவை, ஓரங்களில் மென்மையானது. கான்டினென்டல் நிறுவனம் மட்டும் ஒரே கலவையை வைத்துக்கொண்டு, டயரை அச்சில் வேகவைக்கும்போது நடுவுக்கும் ஓரத்துக்கும் வெவ்வேறு சூடு கொடுத்து அதே பலனை எடுக்கிறது. இன்னொரு வழி, ரப்பரில் சிலிக்கா என்ற பொடியைக் கலப்பது. வழக்கமாகக் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக் ரப்பருக்குத் தேயாத உறுதியைத் தரும். சிலிக்கா ஈரத்திலும் குளிரிலும் பிடிப்பைக் கூட்டும். ஆனால் சிலிக்கா ரப்பரோடு தானாகச் சேராது, இடையில் சிலேன் என்ற வேதிப்பொருள் பாலம் போட வேண்டும்.

ஒருவர் சொல்லும் கிலோமீட்டர் கணக்கை வைத்து இரண்டு டயரை ஒப்பிடாதீர்கள். அவர் நெடுஞ்சாலையில் நேராக ஓட்டுபவர் என்றால் அவர் டயர் நடுவில் தட்டையாகித்தான் முடிந்திருக்கும், ஓரத்தில் புது ரப்பர் அப்படியே கிடக்கும். அந்தத் தட்டை விளிம்பைத் தாண்டிச் சாய்க்கும்போது வண்டி சட்டென்று விழுவது போல இருக்கும், கிரிப் போய்விட்டது என்று பழி டயர்மேல். பந்தயத் தடத்தில் காற்றைக் குறைப்பதைப் பார்த்துச் சாலையிலும் குறைப்பவர்கள் வேறு, டயர் அதிகமாக நெளிந்து, சூடாகி, தேவையே இல்லாமல் தேயும். நடுவிலும் ஓரத்திலும் பள்ளத்தின் ஆழத்தைத் தனித்தனியாக அளந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் போகிறது என்று பார்ப்பதே உருப்படியான ஒப்பீடு. அதுவும் ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே காற்றழுத்தமாக இருக்க வேண்டும்.

பள்ளம் மீதி இருப்பதால் பிடிப்பும் மீதி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிக்கொண்டே வரும், நிறுத்தியே வைத்திருந்தாலும் வருடக்கணக்கில் இறுகும். டயர் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசியில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் வருடமும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் டயரில் இதைப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.