ஐ.நா.வுக்கு மனு போடலாமா, வக்கீல் சார்?

காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனு எங்கே போனதென்று தெரியவில்லை. முதல்வர் தனிப்பிரிவிலிருந்து 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சிலர் கேட்பார்கள்: "பேசாம ஐ.நா.வுக்கே ஒரு மனு போட்டுடலாமா, வக்கீல் சார்?"

அப்படிக் கேட்பது தவறில்லை. தனி மனிதர் தன் நாட்டு அரசின் மீது ஐ.நா.வில் புகார் கொடுக்க வழிகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் மனித உரிமை உடன்படிக்கைகளின் குழுக்களிடம், அந்தந்த உடன்படிக்கையின் புகார் முறையை ஏற்றுக்கொண்ட நாட்டின் மீது மட்டும்தான் கொடுக்க முடியும். இந்தியா அப்படி எதையும் இதுவரை ஏற்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அதனால் 'ஐ.நா. மனு' எழுதித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவர்களும், காரில் 'மனித உரிமை' என்று போர்டு மாட்டிக்கொண்டு அடையாள அட்டை விற்கிறவர்களும் நன்றாகவே பிழைக்கிறார்கள். ஐ.நா.வின் எந்தப் புகார் முறைக்கும் கட்டணம் கிடையாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதவு ஏன் நமக்கு மூடியிருக்கிறது என்று புரிய வேண்டுமானால், இப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒன்று எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். மதுரை பெஞ்சில் நான் அதிகம் நடத்துவது குழந்தைகள் தொடர்பான வழக்குகள் என்பதால், குழந்தைகளுக்கான புகார் ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை உரிமை உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 1989 நவம்பர் 20. இந்தியா அதில் சேர்ந்தது 1992 டிசம்பர் 11. உலகத்தில் கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் இருக்கும் உடன்படிக்கை அது. ஆனால் அதில் புகார் கொடுக்க ஒரு வரி கூட இல்லை. ஒவ்வொரு அரசும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்கும், 18 பேர் கொண்ட நிபுணர் குழு அதைப் படித்துவிட்டுப் பரிந்துரை சொல்லும், அவ்வளவுதான். குடியியல், அரசியல் உரிமைகளுக்கு 1966-லேயே தனிப் புகார் நெறிமுறை வந்துவிட்டது. பெண்களுக்கு 1999-ல் வந்தது. குழந்தைகள் மட்டும் விடுபட்டிருந்தார்கள்.

கவனித்தால், புகார் முறை பல நேரம் தாய் உடன்படிக்கைக்குள் இருப்பதில்லை. 'விருப்ப நெறிமுறை' என்று தனி ஒப்பந்தமாக வரும். உரிமைகளைப் பட்டியல் போடும்போது எல்லா நாடும் தலையாட்டும். 'உங்கள் குடிமகன் உங்கள் மேல் புகார் கொடுக்கலாமா' என்று கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் போய்விடாமல் இருக்கத்தான் அதைத் தனியாகப் பிரித்து, விருப்பமுள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

குழந்தைகளுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து குரல் கொடுத்தன. ஜெனிவாவில் உள்ள மனித உரிமைப் பேரவை 2009 ஜூனில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. எந்த நாடும் வந்து உட்காரக்கூடிய குழு அது. ஸ்லோவாக்கியாவின் ஒரு தூதர் தலைவர். முதல் கூட்டம் அந்த ஆண்டு டிசம்பரில். அந்தக் கூட்டத்தில் வரைவே கிடையாது. இப்படியொன்று தேவையா, குழந்தை எப்படிப் புகார் கொடுக்கும், அதன் பெயரில் வேறு யாராவது விளையாடிவிட மாட்டார்களா என்று பேசியே முடிந்தது. 2010 மார்ச்சில்தான் 'சரி, வரைவு எழுதுங்கள்' என்று பேரவை சொன்னது. அந்த வரைவின் மேல் 2010 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் பேச்சு நடந்தது.

இந்தப் பேச்சுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு அடைப்புக்குறியாகப் பேரம் பேசித் திறப்பார்கள், அல்லது உள்ளே இருக்கும் சொல்லையே அடித்துவிடுவார்கள். எழுதி முடித்த ஒப்பந்தத்தைப் படிப்பவருக்கு அடிபட்ட வரிகள் கண்ணில் படாது. வழக்கு நடத்துகிறவனுக்கு அவைதான் முக்கியம்.

இந்த நெறிமுறையில் அப்படி அடிபட்டதில் பெரியது கூட்டுப் புகார். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரைச் சொல்லாமலே, ஒரு அமைப்பு பொதுவான உரிமை மீறலைப் பற்றிப் புகார் கொடுக்கலாம் என்று வரைவில் இருந்தது. பல அரசுகள் எதிர்த்தன. கடைசி வடிவத்தில் அது இல்லை. இப்போது பாதிக்கப்பட்ட குழந்தையோ குழந்தைகளோ கொடுக்கலாம், அல்லது அவர்கள் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். சார்பில் கொடுப்பவர் அவர்களின் சம்மதத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் சம்மதம் இல்லாமல் ஏன் வந்தேன் என்று நியாயம் சொல்ல வேண்டும்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் பக்கத்து சிவகாசியை நினைத்துப் பாருங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளுக்காக 1986-ல் உச்ச நீதிமன்றம் போனவர் எம்.சி. மேத்தா. டெல்லி வழக்கறிஞர். அவர் பிள்ளை எதுவும் அங்கே தீப்பெட்டி ஒட்டவில்லை. அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மாவிடம் வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தால் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? வாரக் கூலியே முதலாளி கையில் இருக்கும்போது யாரும் போட மாட்டார்கள். பொதுநல வழக்கு என்ற ஏற்பாடு இருந்ததால் மனு நிலைத்தது. 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது மறுவாழ்வு நிதிக்குப் போக வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசியது. அதே மனு ஜெனிவாவுக்குப் போயிருந்தால் 'பாதிக்கப்பட்டவர் யார்? சம்மதக் கடிதம் எங்கே?' என்ற கேள்வியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்திருக்கும். கடுமையான அல்லது தொடர்ச்சியான மீறல் என்றால் குழு தானே விசாரிக்கலாம் என்று வேறொரு பிரிவு இருக்கிறது. அதையும் ஒரு நாடு வேண்டாம் என்று ஒதுக்கிக்கொள்ளலாம். என் கருத்தில், சிவகாசிக்காரர்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் கூட்டுப் புகார் வரி அடிபட்டிருக்காது.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயரில்லாத புகார் செல்லாது. சொந்த நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். அங்கே அநியாயமாக இழுத்தடித்தாலோ, போய்ப் பயனே இருக்காது என்றாலோ விலக்கு உண்டு. பார்த்து முடித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். நம் ஸ்டே மாதிரி, உடனடி ஆபத்து இருந்தால் இடைக்கால நடவடிக்கை கேட்கலாம். அரசு 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கவுன்டர் (பதில் மனு) தாக்கல் செய்ய வாய்தா மேல் வாய்தா கேட்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த 6 மாதம் நீளமாகத் தெரியாது.

2011 ஜூனில் பேரவை ஒப்புக்கொண்டது. டிசம்பர் 19-ல் பொதுச்சபை நிறைவேற்றியது. 2012 பிப்ரவரி 28-ல் ஜெனிவாவில் கையெழுத்துக்குத் திறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அது வெறும் காகிதம்தான். 10 நாடுகள் ஏற்புறுதி செய்து (அதாவது, இதற்குக் கட்டுப்படுகிறோம் என்று முறைப்படி உறுதி கொடுத்து), அதற்குப் பின் 3 மாதம் கழிந்தால்தான் உயிர் வரும். காபோனும் தாய்லாந்தும் முதலில் வந்தன. அப்புறம் ஜெர்மனி, பொலிவியா, ஸ்பெயின், போர்ச்சுகல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பத்தாவதாக கோஸ்டா ரிகா 2014 ஜனவரி 14-ல் வந்தது. ஏப்ரல் 14-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதிலும், நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பிறகு நடந்த மீறல்களுக்கு மட்டுமே பொருந்தும். பொருளாதார, சமூக உரிமைகளுக்கான புகார் நெறிமுறையோடு ஒப்பிட்டால் இது வேகம்தான். அந்தப் பேச்சு 1990-களின் தொடக்கத்திலேயே கிளம்பியது. பொதுச்சபை நிறைவேற்றியது 2008-ல், நடைமுறைக்கு வந்தது 2013-ல்.

கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. இதில் நம் ஆட்கள் அடிக்கடி குழம்புகிறார்கள், செய்தித்தாள்களும்தான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபரில். ஏற்புறுதி இன்னும் இல்லை. அதற்கான மசோதா 2010-ல் மக்களவையைத் தாண்டியது, மாநிலங்களவையில் தேர்வுக்குழுவுக்குப் போய் அப்படியே காலாவதியானது. 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை, மகன் மரணத்தை மதுரை பெஞ்ச் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, அந்த உடன்படிக்கையின் குழுவுக்கு நேரே எழுதலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கையெழுத்து மட்டும் போட்ட நாட்டின் மீது அங்கே புகார் போக முடியாது.

ஏற்புறுதி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதற்கு இலங்கையைப் பார்க்க வேண்டும். ஆனையூர், திருவாதவூர் இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து வருகிறவர்களிடம் நான் சொல்லும் வழக்கு நல்லரத்தினம் சிங்கராசாவுடையது. 1993-ல் பிடிக்கப்பட்டார். சிங்களம் தெரியாது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கட்டாயப்படுத்திக் கைநாட்டு வாங்கினார்கள் என்பது அவர் வாதம். அதை வைத்தே 50 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டில் 35 ஆனது. இலங்கை 1997-ல் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான புகார் நெறிமுறையில் சேர்ந்திருந்ததால் அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். நேர்மையான விசாரணைக்கான அவர் உரிமை மீறப்பட்டது என்று 2004-ல் குழு சொன்னது. அதை எடுத்துக்கொண்டு இலங்கை உச்ச நீதிமன்றம் போனார். 2006-ல் அந்த நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றது. மனு தள்ளுபடி. வெளியே வென்ற வழக்கு வீட்டில் தோற்றது.

நம் நாட்டில் ஒப்பந்தத்தில் சேரும் முடிவு மத்திய அமைச்சரவையின் கையில் இருக்கிறது. அதை உள்நாட்டில் செயல்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253-வது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. எங்கள் நீதிமன்றங்களே போதும், வெளியார் எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. பொதுநல வழக்கு இருக்கும் நாட்டில் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த நீதிமன்றமே கைவிட்டவருக்கு அது பதிலாகாது.

இந்த வேடிக்கையையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் கிரேட்டா துன்பர்க் உட்பட 16 குழந்தைகள், பருவநிலை மாற்றம் குறித்து இதே குழந்தைகள் நெறிமுறையின் கீழ் புகார் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே. எதிர்மனுதாரர்கள் அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி. இந்தியச் சிறுமி கொடுத்த புகாரில் இந்தியாவின் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. எல்லைக்கு வெளியே உள்ள குழந்தைக்கு ஏற்படும் பாதிப்புக்கும் ஒரு நாடு பொறுப்பாகலாம் என்று குழு 2021-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தந்த நாட்டு நீதிமன்றங்களுக்கு முதலில் போகவில்லை என்று புகாரைத் திருப்பிவிட்டது.

சரி, மதுரையில் இருப்பவர் என்ன செய்யலாம்? ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுத ஏற்புறுதி தேவையில்லை. சித்திரவதை, குழந்தை விற்பனை, வீட்டுரிமை என்று பொருள்வாரியாக அவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதலாம். தீர்ப்பு எதுவும் வராது. உள்ளூரில் மாநில மனித உரிமை ஆணையம், குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம், கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. இதில் இரண்டு விஷயங்களில் பலர் கோட்டை விடுகிறார்கள். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36-வது பிரிவின்படி சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. அதே பிரிவின்படி, வேறொரு ஆணையத்தில் நிலுவையில் இருப்பதை தேசிய மனித உரிமை ஆணையம் எடுக்காது. எல்லா ஆணையத்துக்கும் ஒரே மனுவை நகலெடுத்து அனுப்புவது பலம் என்று நினைக்கிறோம், பல நேரம் அதுவே தடையாகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

எங்கே போனாலும் கேட்கப்போவது காகிதம்தான். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் வந்ததைப் பதிந்து தரும் சீட்டு) கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் புகாரை ஸ்பீட் போஸ்டில் எஸ்.பி.க்கு அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே ஜி.ஹெச். போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு செய்யச் சொல்லுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன கொடுத்தீர்கள் என்று ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்த தேதியையும் நேரத்தையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.