விநாடிக்குப் பத்து சுரம்

தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 300-இல் வையுங்கள். நிமிடத்துக்கு 300 தட்டு, விநாடிக்கு ஐந்து. தட்டுக்கு இரண்டு சுரம் என்று வாசித்தால் விநாடிக்குப் பத்து. ஜாஸ் உலகில் இது கடும் வேகம்தான், ஆனால் யாரும் எட்டாத வேகமல்ல. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே கிடைப்பது 100 மில்லி விநாடி.

இப்போது இன்னொரு எண். ஓர் ஒலி கேட்டதும் ஒரு பொத்தானை அமுக்கு என்று சொன்னால், அதற்கே நமக்கு ஏறத்தாழ 150 மில்லி விநாடி ஆகிறது. யோசிக்க எதுவுமே இல்லாத வேலைக்கே இவ்வளவு. அப்படியிருக்க, வாசித்த சுரத்தைக் காதால் கேட்டு, அடுத்தது எது என்று தேர்ந்து, விரலுக்கு உத்தரவு அனுப்ப எங்கே நேரம்? கணக்கு இடிக்கிறது. ஆனாலும் முன்னால் தாள் ஏதும் இல்லாமல், அந்த நிமிடத்தில் பிறக்கும் இசையை ஜாஸ் பியானோக் கலைஞர்கள் இந்த வேகத்தில் வாசிக்கத்தான் செய்கிறார்கள்.

இந்தச் சிக்கலை 1951-இலேயே கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பிடித்துவிட்டார். ஓர் அசைவு முடிந்த உணர்வு மூளைக்குப் போய், அதுதான் அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. இசைக் கலைஞரின் விரல்கள் விநாடிக்கு 16 முறை வரை மாறி மாறி விழுவதைக் காட்டி, அந்தச் சங்கிலிக்கு இங்கே நேரமே இல்லை என்றார். விடை எளிது: அசைவுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதில்லை, கட்டுக்கட்டாகக் கிளம்புகின்றன. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லும்போது 'கொ'வுக்குப் பிறகு 'ண்' வர வேண்டும் என்று யாரும் முடிவெடுப்பதில்லை. சொல்லை எடுத்தால் எழுத்துகள் தாமாக வரிசையில் வந்து விழுகின்றன. ஜாஸ் பியானோக் கலைஞரின் விரல்களும் அப்படித்தான். அவர் முடிவெடுப்பது சொல்லைப் பற்றி, சில வேளை வாக்கியத்தைப் பற்றி. எழுத்தைப் பற்றி அல்ல.

அந்தச் சொற்களைச் சேர்ப்பதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. பியானோவில் இதற்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. கிட்டாரில் ஒரு சுரக்கோவையை இரண்டு கட்டம் மேலே நகர்த்த வேண்டுமென்றால் பெரும்பாலும் கையை நகர்த்தினால் போதும், விரல்களின் அமைப்பு மாறாது. பியானோவில் வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும் சீரற்று வருவதால், அதே கோவை சுருதிக்குச் சுருதி வேறு வடிவம் எடுக்கிறது. ஆக ஒரே சொல்லைப் பன்னிரண்டு சுருதிகளில் பன்னிரண்டு கை வடிவங்களாகக் கற்க வேண்டும். ஜாஸ் மாணவர்கள் ஒரு சின்னச் சொற்றொடரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் மல்லாடுவது இதனால்தான்.

சரி, சொற்கள் கைவசம் உள்ளன. அவற்றைக் கோப்பது யார்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் சார்ல்ஸ் லிம்ப், ஆலன் பிரவுன் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைப் பிரபலமாக்கியது. எம்ஆர்ஐ கருவிக்குள் காந்தம் இழுக்கும் உலோகம் கொண்டுபோகக் கூடாது என்பதால் 35 கட்டைகள் கொண்ட தனி விசைப்பலகையைச் செய்தார்கள். தொழில்முறை ஜாஸ் கலைஞர் ஆறு பேர் மல்லாந்து படுத்தபடி வாசித்தார்கள். மனப்பாடம் செய்ததை வாசிக்கும்போது ஒரு மாதிரியும், அப்போதே புனைந்து வாசிக்கும்போது வேறு மாதிரியும் மூளை தெரிந்தது. புனையும்போது, நம்மை நாமே மேற்பார்வையிடும் வேலையோடு தொடர்புடைய முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதி அடங்கியது. 'நான்' என்ற தன்வெளிப்பாட்டோடு தொடர்புபடுத்தப்படும் நடுப்பகுதி துடிப்பானது. தலைக்குள் இருக்கும் கண்டிப்பான வாத்தியார் வெளியே போனதும் பையன் வாய் திறக்கிறான் என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அழகான கதை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆறே பேர், படுத்த நிலை, 35 கட்டை. வாத்தியார் வெளியே போவது மட்டும் போதுமென்றால் நானும் நன்றாக வாசிக்க வேண்டும். 2014-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 39 பியானோ வாசிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு இதைக் கொஞ்சம் நேராக்கியது. புனைந்து வாசித்துப் பழகிய மணிநேரம் கூடக்கூட, மூளையின் மேற்பார்வைப் பகுதிகள் குறைவாகவே வேலை செய்தன. அதே சமயம் திட்டமிடும் பகுதிகளுக்கும் அசைவைத் தயாரிக்கும் பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு கூடியிருந்தது. அதாவது வாத்தியாரை யாரும் துரத்தவில்லை. பையனுக்குப் பாடம் வந்துவிட்டது, அவருக்கு வேலை குறைந்துவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2018-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வெளியான ஒரு சோதனை. 30 பியானோக் கலைஞர்கள். பாதிப் பேர் ஜாஸ், பாதிப் பேர் மேற்கத்திய செவ்வியல் பயிற்சி. திரையில் ஒரு கை வரிசையாகக் கார்டுகளை, அதாவது பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுகளை, வாசித்துக் காட்டும். பார்ப்பவர் அப்படியே திருப்பி வாசிக்க வேண்டும். இடையிடையே பொறி: சில இடத்தில் எதிர்பாராத கார்டு, சில இடத்தில் கார்டு சரி, விரல் வைப்பு விநோதம். எதிர்பாராத கார்டு வந்தபோது ஜாஸ் கலைஞர்களின் மூளை முந்திக்கொண்டு மறுதிட்டம் போட்டது. விரல் வைப்பில் செவ்வியல் கலைஞர்கள் கூடுதல் கவனமாக இருந்தார்கள், தவறும் குறைவாகச் செய்தார்கள். 'எதை வாசிப்பது' என்பது ஒரு பயிற்சி, 'எப்படி வாசிப்பது' என்பது இன்னொரு பயிற்சி. கட்டைகள் அதே 88. வாழ்நாளெல்லாம் எதற்காகத் தயாரானோம் என்பதுதான் வேறு.

ஜாஸ் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக் பல மேடைகளில் சொல்லியிருக்கும் ஒரு நிகழ்ச்சியை இந்தச் சோதனையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 11 வயதில் சிகாகோ சிம்பொனியோடு மொட்சார்ட் வாசித்தவர். 1963-இல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கச்சேரியில், டேவிஸ் தனி வாசிப்பின் உச்சத்தில் இருந்தபோது ஹான்காக் முற்றிலும் தவறான ஒரு கார்டை அமுக்கிவிட்டார். டேவிஸ் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் கார்டைச் சரியாக்கிவிடும் சுரங்களை ஊதினார். டேவிஸின் காதில் அது தவறாகவே விழவில்லை, நடந்த ஒரு நிகழ்வாக மட்டுமே விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளத் தனக்குப் பல ஆண்டு ஆயிற்று என்கிறார் ஹான்காக்.

ஒரு 'தவறான' கார்டை எப்படிச் சரியாக்க முடியும்? இதில் மந்திரம் இல்லை, கொஞ்சம் எண் கணிதம் இருக்கிறது. சி-செவன்த் என்ற கார்டில், மேற்கத்தியப் பெயர்களில் சொன்னால், நான்கு சுரம்: சி, ஈ, ஜி, பி-ஃபிளாட். அதன் குணத்தைச் சொல்பவை ஈ-யும் பி-ஃபிளாட்டும்தான். அவற்றின் இடைவெளி சரியாக அரை ஸ்தாயி, ஆறு அரைச்சுரம். இப்போது சி-யிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் ஜி-ஃபிளாட் செவன்த்தைப் பாருங்கள். அதன் குணத்தைச் சொல்லும் இரண்டு சுரங்களும் அதே ஈ, அதே பி-ஃபிளாட். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு அரைச்சுரங்களைப் பாதியாக வெட்டினால் இரு பக்கமும் ஆறு என்பதால் வரும் ஒற்றுமை இது. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம். கேட்பவருக்கு வழி தவறியதுபோல இருக்கும், ஆனால் வீடு வந்து சேர்ந்துவிடும். கூடவே இன்னொன்று: ஆதார சுரத்தைக் குழுவின் பேஸ் வாத்தியம் வாசித்துவிடும் என்பதால் பியானோக் கலைஞர் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. தாழ்ந்த சுரங்கள் நெருங்கி ஒலித்தால் காது பிரித்தறிய முடியாமல் சேறாகிவிடும். எதை விடுவது என்பது ஜாஸ் பியானோவில் பாதிப் பாடம்.

சுரத்தைப் பற்றி இவ்வளவு. காலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஜாஸே இல்லை. ஸ்விங் என்பது ஒரு தட்டை நெடில் குறிலாகப் பிளப்பது. பாடப்புத்தகங்கள் இரண்டுக்கு ஒன்று என்று விகிதம் போடும். சுவீடன் ஆய்வாளர்கள் 2002-இல் டிரம் கலைஞர்களை அளந்து பார்த்தார்கள். மெதுவான வேகத்தில் மூன்றரைக்கு ஒன்று வரை போகிறது, மிக வேகத்தில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. நடுத்தர வேகம் தாண்டியதும் அந்தக் குறில் சுமார் 100 மில்லி விநாடிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. தொடக்கத்தில் பார்த்த அதே 100.

2022-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் இன்னும் நுணுகிப் பார்த்தார்கள். 456 ஜாஸ் தனி வாசிப்புகளை அளந்தபோது, தனி வாசிப்பவர் தட்டில் விழும் சுரத்தை மட்டும் தாளக்காரர்களைவிடச் சுமார் 30 மில்லி விநாடி தாமதமாகப் போடுவது தெரிந்தது. தட்டுக்கு நடுவே விழும் சுரத்தில் தாமதம் இல்லை. பியானோ பதிவுகளில் இந்தத் தாமதத்தைச் செயற்கையாக ஏற்றிப் போட்டுக் காட்டியபோது, கேட்ட இசைக் கலைஞர்கள் 'இதில்தான் ஸ்விங் கூடுதல்' என்றார்கள். என்ன மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை!

தமிழ்க் குடும்பத்தில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் 1971-இல் பிறந்த ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயர் இந்த மில்லி விநாடிகளுக்காகவே ஒரு முனைவர் பட்டம் வாங்கியவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போய், பாதியில் இசைப் பக்கம் திரும்பினார். தாளம் என்பது தலைக்குள் ஓடும் எண்ணிக்கை அல்ல, நடக்கும், மூச்சுவிடும் உடம்பின் விஷயம் என்பது 1998-இல் முடித்த அவருடைய ஆய்வின் மையம். 2013-இல் மெக்ஆர்தர் நல்கை, மறு ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. ஹூஸ்டனில் பிறந்த பியானோக் கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் அதே தாமதத்தை ஹிப்-ஹாப் பக்கமிருந்து பியானோவுக்குக் கொண்டுவந்தார். கறாரான தாளத்துக்கு அடங்காமல் சற்றே தள்ளாடும் டிட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் தாளங்கள்தான் அவருக்கு ஊற்று.

இப்படிப்பட்ட காது எங்கே உருவாகிறது? கல்லூரியில் ஓரளவு. மீதி, பிறருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பதில். பில் எவன்ஸ், ஹான்காக், சிக் கொரியா, கீத் ஜாரெட் எல்லோருமே டேவிஸின் குழுவில் இருந்தவர்கள். பிராட் மெல்டாவ் ஜோஷுவா ரெட்மன் குழுவில் வாசித்த பிறகே தன் மூவர் குழுவோடு பெயர் பெற்றார். ஜப்பானின் ஹிரோமி 17 வயதில் டோக்கியோவில் சிக் கொரியாவோடு மேடையேறியவர். அடுத்தவர் எங்கே போகப்போகிறார் என்று கணிக்கும் பழக்கம் தனி அறையில் வருவதில்லை. பாலியில் பிறந்த ஜோயி அலெக்சாண்டர் 12 வயதிலேயே கிராமி பரிந்துரை பெற்றது விதிவிலக்குதான். அவரும் மேலே வந்தது பெரியவர்களோடு வாசித்துத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சாக்ஸபோன்காரர் தன் வாத்தியத்தைக் கையோடு கொண்டுபோகிறார். பியானோக்காரருக்கு ஊருக்கு ஊர் வேறு வாத்தியம். கட்டையை அமுக்கும்போது சுத்தியல் கடைசி நொடியில் விடுபட்டு, தானாகப் பறந்துபோய்க் கம்பியைத் தட்டுகிறது. அதன் வேகம் ஒன்றுதான் விரலின் வசம். அந்த விடுபடும் இடம் ஒவ்வொரு பியானோவிலும் ஒவ்வொரு மாதிரி.

1975 ஜனவரி 24. ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில் கீத் ஜாரெட்டுக்காக வைக்கப்பட்டிருந்தது தவறான பியானோ. சிறியது, பராமரிப்பில்லாதது, மேல் சுரங்கள் மெலிந்து, கீழ்ச் சுரங்கள் வலுவிழந்து, பெடல் சரியாக வேலை செய்யாதது. வாசிக்க மாட்டேன் என்றவரை, ஏற்பாடு செய்த 18 வயது வேரா பிராண்டஸ் சம்மதிக்க வைத்தார். இரவு பதினொன்றரைக்குத் தொடங்கிய கச்சேரியில் ஜாரெட் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே தங்கினார். இடது கையில் சிறு சுரக்கோவைகளைத் திரும்பத் திரும்ப உருட்டி, இல்லாத கனத்தை உண்டாக்கினார். தனி பியானோ இசைத்தட்டுகளில் அந்தப் பதிவுதான் மிக அதிகம் விற்றது.

2018-இல் ஜாரெட்டுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்தது. இடது கையால் ஒரு கோப்பையைப் பிடிக்க முடிந்தாலே பெரிது என்ற நிலை என்று 2020-இல் அவரே வெளியில் சொன்னார். வலது கை வேலை செய்தது. வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து, நன்கு தெரிந்த பெபாப் என்ற ஜாஸ் வகை மெட்டுகளை அந்தக் கையால் வாசித்துப் பார்த்தார். மெட்டுகள் நினைவில் இல்லை.