தவளை தன் வாயால் கெடுமா?

வேளச்சேரிலேர்ந்து ஒரு வாசகர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தார், பக்கத்து காலி மனைல மழை விட்டதுலேர்ந்து காது கிழியுது, டார்ச் அடிச்சா ஒண்ணையும் காணோம், எவ்ளோ பெரிய தவளை சார் இதுன்னு. பின்னாடி கேட்ட ட்ர்ர்ர் ட்ர்ர்ர் சத்தத்தை வெச்சுப் பாத்தா மைக்ரோஹைலா ஓர்னேட்டாங்கற குட்டித் தவளைதான். ஒரு ரூபா காயின் சைஸ், அவ்ளோதான். எறும்பு, கரையான் தின்னும், மழைத்தண்ணி தேங்கினா புல் அடில ஒளிஞ்சுகிட்டு ஆண் தவளை பொண்ணைக் கூப்பிடும், இதெல்லாம் தெரிஞ்ச கதை.

எனக்குப் புடிச்ச விஷயம் அந்தத் தொண்டைப் பை. கத்தும்போது வாயும் மூடியிருக்கும், மூக்கும் மூடியிருக்கும். நுரையீரல்ல ரொப்பி வெச்ச காத்தை உடம்புத் தசை ஒரு அமுக்கு அமுக்குது, அது குரல்வளையை அதிர வெச்சுட்டு வாய்க்குள்ள வந்து, அடில இருக்கற பிளவு வழியா பைக்குள்ள போயிடுது, பை பபிள்கம் மாதிரி உப்புது. காத்து வெளிய போகவே இல்ல! இழுபட்ட பை சுருங்கும்போது அதே காத்து திரும்ப நுரையீரலுக்கே வந்துடும், அடுத்த ட்ர்ர் ரெடி. மார்கழி கச்சேரில பாடகர் மூச்சு வாங்கறதை மைக் காட்டிக் குடுத்துடும், இவருக்கு அந்தப் பிரச்சனையே கிடையாது. உப்பின பையோட தோலும் சேந்து அதிர்றதால சத்தம் நல்லாவே வெளிய வரும்.

அப்போ தன் வாயால கெடும்ங்கறது? வாயையே திறக்கலையே. ஆனா பனாமால துங்காரான்னு ஒரு சின்னத் தவளை, தண்ணில மிதந்துகிட்டே கத்தும், பை உப்பி உப்பி அடங்கறதுல சுத்தி அலை வளையம் கெளம்பும். தவளை தின்னி வௌவால் வர்றது தெரிஞ்சா டக்னு வாயடைச்சுடும், ஆனா வளையம் இன்னும் சில செகண்ட் ஓடிட்டிருக்குமே, வௌவால் எதிரொலியை வெச்சு அந்த வளையத்தைப் புடிச்சு வந்துடுது. 2014ல வந்த ஆராய்ச்சி இது. குட்டையோரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பாக்கறதுக்குக் காசு குடுக்க அங்க ஆள் இருக்கு, நாம மழைக்காக தவளைக்குக் கல்யாணம் பண்ணி பந்தல் போட்டு சாப்பாடு போடறோம். அந்தச் செலவுல ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ ஒரு நல்ல ரெக்கார்டர் வாங்கிக் குடுத்திருக்கலாம்.

வேளச்சேரி சார், இன்னிக்கு டார்ச்சை மேலேர்ந்து அடிக்காம தண்ணிமட்டத்துக்குக் குனிஞ்சு சைடுல அடிங்க. சத்தம் நின்னதும் வளையம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, ஆள் தண்ணில இருந்தா மாட்டிப்பார்.