விழுதி: பெருங்குடல் ‘பாலிப்’ என்னும் சொல்லின் விளக்கம்

கொங்கு நாட்டில் மூக்கடைப்புக்காக மருத்துவரைப் பார்த்துவந்தவரும், பெருங்குடலைச் சோதித்துக்கொண்டவரும் வீட்டில் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “உள்ள சதை வளந்திருக்குதுங்களாம்.” சோதனை அறிக்கையில் அதற்குப் பெயர் ‘பாலிப்’. ‘பல’, ‘கால்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து ‘பல கால்களை உடையது’ என்னும் பொருளில் பிறந்த இச்சொல், எண்காலி போன்ற கடலுயிர்களுக்கு வழங்கியது. மூக்கினுள் வளரும் சதைக்கும் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் அப்பெயரையே இட்டனர். பின்பு இலத்தீன் வழியே பரவி, உடலின் உள்ளுறுப்புகளின் உட்சவ்விலிருந்து உள்வெளிக்குள் புடைத்து வளரும் எந்தத் திசுவுக்கும் பொதுப்பெயராயிற்று.

தமிழில் இதற்கு ‘விழுதி’ பொருத்தமான சொல். மேலிருந்து இறங்கித் தொங்கும் ஆலம் விழுதின் தோற்றம் இதில் அடங்கியிருக்கிறது. காம்புள்ளதைக் காம்பு விழுதி என்றும், காம்பின்றிச் சவ்வோடு படிந்திருப்பதைப் படிவிழுதி என்றும் பிரித்துச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. பேச்சில் ‘சதை வளர்ச்சி’ என்பதே போதும். ஆனால் ‘கட்டி’ என்று மட்டும் சொல்லலாகாது. அச்சொல்லைக் கேட்ட உடனே குடும்பமே புற்றுநோய் என்று முடிவுகட்டிக் கலங்குவதைப் பலமுறை பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘தீங்கற்ற வளர்ச்சி’ என்னும் வழக்கும் திருத்தத்துக்கு உரியது. அருகிலுள்ள திசுவை ஊடுருவாது, வேறு உறுப்புக்குப் பரவாது என்பதே அங்கே மருத்துவர் கருதும் பொருள். எந்தத் தீங்கும் செய்யாது என்பதன்று. ஆகவே ‘புற்றல்லாத’ என்பதே சரி. சுரப்பித் திசுவில் தோன்றும் விழுதிகளுள் சில, கவனியாது விட்டால் பல ஆண்டுகளில் புற்றாக மாறக்கூடும். கொழுப்புத் திசுவாலான வளர்ச்சி அவ்வாறு மாறுவதில்லை எனினும், பெரிதானால் குடலின் வழியை அடைக்கலாம். அல்லது குடலசைவு அதை முன்னோக்கித் தள்ளும்போது, அது பற்றியிருக்கும் குடற்பகுதியும் உடன் இழுபட்டு அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடலாம். இதற்குக் ‘குடல் செருகல்’ என்று பெயர். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வெளிப்படையான காரணமின்றியே வரும் இந்நிலை, பெரியவர்களுக்கு வந்தால் உள்ளே ஒரு வளர்ச்சி இருக்கிறதா என்று தேடுவார்கள். குடல் என்பதன் பழைய வடிவம் ‘குடர்’. அப்பர் தம் சூலைநோயைப் பாடுமிடத்தில் அவ்வடிவத்தையே ஆள்கிறார்.

நம் ஊரில் ‘கேமரா விட்டுப் பார்ப்பது’ எனப்படும் சோதனைக்கு ‘அகநோக்கல்’ என்பது நேரான பெயர். மூலச்சொல்லும் கிரேக்கத்தில் ‘உள்’, ‘நோக்கு’ என்னும் இரண்டின் சேர்க்கையே. பார்க்கும் கருவியை அறுக்கும் கருவியுமாக்கும் முறையை நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள் 1969-இல் பெருங்குடலுக்குக் கொண்டுவந்தனர். ஆசனவாய் வழியே செலுத்தப்படும் வளையும் குழாயினூடே மெல்லிய கம்பிச் சுருக்கை அனுப்பி, விழுதியின் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுக்கிறார்கள். அறுபடும் இடத்தில் இரத்தக் குழாய்களும் அச்சூட்டில் அடைபடுகின்றன. சிறியவற்றை மின்சாரமின்றியே அறுப்பதுண்டு. படிவிழுதியாயின், அதன் அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றிச் சவ்வை மேலெழுப்பியபின், பெரியதைத் துண்டு துண்டாகவும் எடுப்பர். வயிற்றைக் கீறாமல் அடைப்பின் காரணமே நீங்கிவிடுவது இம்முறையின் சிறப்பு. இரத்தக் கசிவும் குடலில் துளை விழுதலும் இதன் ஆபத்துகள். கசிவு சில நாள் கழித்தும் தோன்றலாம்.

எல்லா அடைப்புக்கும் இது பொருந்தாது. வயிறு உப்பி, வாந்தியெடுத்து, “காத்தும் பிரியலைங்க, வெளிக்கும் போகலைங்க” என்னும் நிலையில் வீட்டில் பேதி மருந்து கொடுப்பது ஆபத்தானது. உடனே அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடல் துளைபட்டிருந்தாலோ, இரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கியிருந்தாலோ அறுவை சிகிச்சைதான் வழி. அகநோக்கி வழியே எடுத்த விழுதியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அடுத்த சோதனை எப்போது என்பது அதன் வகை, அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தே முடிவாவதால், அந்த அறிக்கையைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.