மூளை உறங்கினாலும் தண்டுவடம் உறங்குவதில்லை

"அக்கா மகளுக்குப் பிறவியிலேயே அட்ரீனல் குறைபாடு. குடலிறக்க அறுவை செய்யப் போகிறார்கள். மயக்கத்தில் வலி தெரியாதே, அப்புறம் எதற்குக் கத்தி வைப்பதற்கு முன்பே மரத்துப்போகும் ஊசி? கூடவே ஸ்டீராய்டு வேறு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஸ்டீராய்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, கொலஸ்ட்ராலிலிருந்து படிப்படியாகக் கார்டிசால் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. அதில் ஒரு படிக்குத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்சைம் சரியாக அமையாததுதான் இந்தப் பிறவிக் குறைபாடுகளில் பரவலானது. 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. அறுவையின்போது நம் சுரப்பி கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிவிடும், இந்தக் குழந்தைக்கு அது முடியாது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடும். அதனால்தான் கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தாகிய ஹைட்ரோகார்டிசோனை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள்.

இதற்குப் போய் யார் விட்ட சாபமோ என்று தாயைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்தால்தான் நோயே வரும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அரசும் தயங்காமல் பணம் ஒதுக்க வேண்டிய சோதனை அது.

சரி, வலிக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மயக்க மருந்தில் உறங்குவது மூளை. கத்தி பட்ட இடத்திலிருந்து மெல்லிய நரம்பிழைகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன, அங்கே குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதை வாங்கும் செல்லில் என்எம்டிஏ என்று ஒரு வாயில் உண்டு. சாதாரணமாக அதன் வாயை ஒரே ஒரு மக்னீசியம் அயனி தக்கை போல அடைத்திருக்கும். செய்தி ஓயாமல் வந்து செல்லின் மின்னழுத்தம் ஏறியதும் தக்கை பிடுங்கிக்கொள்ளும், கால்சியம் உள்ளே பாயும், செல் மிகையாகக் கூர்மையாகிவிடும். 1966இல் மெண்டல் என்ற ஆய்வாளர், தூண்டலின் அளவைக் கூட்டாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தாலே தண்டுவடச் செல்களின் பதில் ஒவ்வொரு முறையும் பெருகுவதைக் காட்டினார். கண்விழித்த பிறகு, கத்தியே படாத சுற்றுத் தோலில் போர்வை உரசினால்கூட எரிகிறதே, அது இந்தக் கூர்மைதான்.

முன்கூட்டியே போடும் ஊசி நரம்பின் சோடியம் கால்வாய்களை அடைத்துவிடுவதால் தண்டுவடத்துக்குச் செய்தியே போய்ச் சேராது. ஆனால் ஊசி தாங்குவது சில மணி நேரம், காயம் பேசுவதோ பல நாள். அதனால் வலி வரட்டும் என்று காத்திராமல் நேரத்துக்கு நேரம் வலி மருந்து தருவார்கள்.

வலிச் செய்தி குறைந்தால் கார்டிசால் கேட்டு மூளை போடும் கூச்சலும் குறையும், உண்மைதான். அதற்காக ஸ்டீராய்டைக் குறைத்துவிடக் கூடாது, சின்னக் கூச்சலுக்குக்கூட அந்தச் சுரப்பியால் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தால் ஸ்டீராய்டு மாத்திரை வயிற்றில் தங்காது. உடனே ஊசியாகப் போட்டாக வேண்டும், அடுத்த வேளை வரை பொறுக்கக் கூடாது.