கூடாரத் திடலில் அன்று யாரும் இல்லை

அணைகளில் நீர்மட்டக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. போகிற இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சென்சார் கொஞ்சம் குறைச்சுக் காட்டுது சார். புரோகிராம்ல ஒரு திருத்தம் போட்டுட்டோம், அடுத்த ஷட்டவுன்ல சரி பண்ணிக்கலாம்." கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கூடாரத் திடல் ஒன்று நினைவுக்கு வரும்.

ஜான்சன்ஸ் ஷட்-இன்ஸ் மாநிலப் பூங்கா, பிளாக் ஆற்றின் கிழக்குக் கிளை பழைய எரிமலைப் பாறைகளுக்குள் நெருங்கி ஓடும் இடம். 1955-இல் டெஸ்லோஜ் குடும்பம் கொடுத்த நிலத்தில் உருவானது. கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அதற்கு மேலே, பிராஃபிட் மலை உச்சியில், 1963-இல் டாம் சாக் மின்நிலையத்தின் மேல் நீர்த்தேக்கம் வந்தது. நம் கடம்பாறை மின்நிலையம் மாதிரிதான்: மின்தேவை குறைந்த இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும் பகலில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள்.

அந்தத் தேக்கத்துக்குக் கலிங்கு, அதாவது மிகுதி நீர் தானாக வழிந்தோடும் வழி, கிடையாது. நம் ஊர்ச் சிற்றேரிக்குக்கூட உண்டு! ஆறு எதுவும் வந்து சேராத தேக்கம், பம்பை நிறுத்தினால் வரத்தும் நின்றுவிடும் என்பது கணக்கு. ஆக, எப்போது நிறுத்துவது என்று சொல்லும் சென்சார்தான் காவல்.

2005-இல் அந்த சென்சார்களைத் தாங்கிய குழாய்கள் பிடி விட்டு வளைந்தன. மட்டம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. பணியாளர்களுக்கு இது தெரியும். எண்ணில் ஒரு திருத்தம் போட்டார்கள், நிரப்பும் அளவைச் சற்றுக் குறைத்தார்கள், பழுதைத் தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 14 விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் சுவரைத் தாண்டி வழிந்தது. கடைசிக் காப்பாக இருந்த சென்சார்கள், பல ஆண்டுகளில் கரை அமுங்கித் தாழ்ந்திருந்த இடத்தைவிட உயரத்தில் இருந்தன. அவற்றைத் தண்ணீர் தொடவே இல்லை. கற்கரை அரித்து உடைந்து, சுமார் 490 கோடி லிட்டர் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் மலையை மண் வரை, மரம் வரை, வழித்துக்கொண்டு இறங்கியது.

பூங்காக் கண்காணிப்பாளரின் வீடு அடித்துப் போனது. அவரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் குளிரில் விறைத்து, ஆனால் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கடைக்குட்டிக்கு ஏழு மாதம். திடல் பாறைக்கும் சேற்றுக்கும் அடியில் போனது. குளிர்காலம் என்பதால் கூடாரங்களில் ஒருவரும் இல்லை. அது ஜூலை மாதத்துச் சனிக்கிழமை இரவாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போதே வயிறு கலங்குகிறது.

என் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, திரையில் எண்ணைத் திருத்திய அன்றே கரைமேல் ஏறிப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். கலிங்கு இல்லாத தேக்கமென்றால் பழுது நீங்கும்வரை நிரப்பாதீர்கள். ஆற்றோரம் தங்கப் போகிறவர்கள், மேலே என்ன அணை இருக்கிறது, அபாயச் சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் ஏறுவது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல் நீர்த்தேக்கத்தை முழுக் கான்கிரீட் அணையாகத் திரும்பக் கட்டினார்கள். 2010-இல் அது மறுபடி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு பூங்காவின் புதிய கூடாரத் திடலும் திறந்தது. இம்முறை அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை, வெள்ளப் பாதையை விட்டு விலகி, காகின்ஸ் மலைப் பக்கம்.